சர்வீஸ் லொக்கேட்டர் சிக்கல்கள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

பழைய ஜாவா நிறுவனச் செயலி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றவர் எவரும் சில நாட்களுக்குள் 'சர்வீஸ் லொக்கேட்டர்' என்ற பெயருடைய ஒரு கிளாஸை எதிர்கொள்வார். டேட்டாசோர்ஸ் (தரவுத்தள இணைப்புகளைத் தருவது), ஜேஎம்எஸ் (செய்திப் பரிமாற்றச் சேவை) கனெக்‌ஷன் ஃபேக்டரி, ஈஜேபி ஹோம் (சர்வரில் ஓடும் வணிகக் கிளாஸ்களை அணுகும் வாயில்) போன்றவற்றை ஜேஎன்டிஐ பெயரடைவில், அதாவது பெயரைச் சொன்னால் பொருளைத் தரும் ஜாவாவின் அடைவில், தேடி எடுப்பது ஜே2ஈஈ (பின்னாளில் ஜாவா ஈஈ, ஜகார்த்தா ஈஈ என்று பெயர் மாறிய ஜாவா நிறுவனத் தளம்) காலத்தில் செலவு மிகுந்த வேலையாக இருந்தது. பெயரடைவு வேறொரு சர்வரில் இருந்தால் ஒவ்வொரு தேடலுக்கும் நெட்வொர்க்கில் ஒரு முறை போய்வர வேண்டியிருந்தது. தேடும் நிரலை ஒரே இடத்தில் குவித்து, ஒருமுறை கிடைத்ததைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொண்டு, அடுத்து யார் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுப்பது என்ற சர்வீஸ் லொக்கேட்டர் ஏற்பாட்டை, சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜாவா சென்டரைச் சேர்ந்தவர்கள் 2001இல் ஜே2ஈஈ டிசைன் பேட்டர்ன்களைத் தொகுத்தபோது அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். அந்த ஏற்பாடு அன்றைய தேவைக்குச் சரியானது. இன்று நமக்கு வந்து சேரும் பிழைகளில் பெரும்பாலானவை, கேஷில் இருக்கும் பொருள் யாருக்காகத் தேடப்பட்டது, எவ்வளவு காலம் செல்லும் என்ற இரண்டையும் லொக்கேட்டர் குறித்து வைத்துக்கொள்ளாததால் வருபவை.

முதலில் கேஷை நிறுத்திப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், தேடலில் பிழையா, சேமித்து வைத்ததில் பிழையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். லொக்கேட்டரில் கேஷைத் தாண்டிச் சென்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடும்படி செய்யும் ஒரு சிஸ்டம் பிராப்பர்ட்டி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள், பத்து வரிக்கு மேல் ஆகாது. கேஷ் நின்ற பிறகும் பிழை அப்படியே இருந்தால் பெயர், கட்டமைப்பு, நெட்வொர்க் ஆகியவற்றைப் பாருங்கள். பிழை மறைந்துவிட்டால் கேஷின் சாவி (பொருளை எந்த அடையாளத்தின் கீழ் சேமித்தது என்பது), அதன் ஆயுள், கிளாஸ்லோடர் (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) ஆகியவற்றைப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் செயல் இழைகள்) மோதுவதால் வரும் சிக்கல்கள், வேகம் மாறினாலே ஒளிந்துகொள்ளும் இயல்புடையவை என்பதால், அங்கே பிழை மறைந்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

அறிகுறி: முதல் தேடலே தோற்கிறது

லொக்கேட்டர்கள் பெரும்பாலும் பெயர்த் தேடலின் பிழையான நேமிங் எக்செப்ஷனைப் பிடித்துத் தம்முடைய சொந்த எக்செப்ஷனாக மாற்றி எறிகின்றன. மாற்றும்போது மூல எக்செப்ஷனை இணைக்காமல் 'சேவை கிடைக்கவில்லை' என்ற பொருள்படும் ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கும் நிரல்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைத் திருத்துங்கள், ஏனென்றால் மூல எக்செப்ஷனின் வகைதான் உங்களுக்குப் பாதி விடையைச் சொல்கிறது.

'நோ இனிஷியல் கான்டெக்ஸ்ட்' என்று வந்தால், நிரல் சர்வருக்கு வெளியே, அதாவது யூனிட் டெஸ்டிலோ தனி மெயின் நிரலிலோ ஓடுகிறது, எந்தப் பெயரடைவை அணுக வேண்டும் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை என்று பொருள். 'கம்யூனிகேஷன் எக்செப்ஷன்' என்றால் முகவரி, போர்ட், ஃபயர்வால் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் பெயரடைவு வரை போய்ச் சேர்ந்தாகிவிட்டது, கேட்ட பெயர்தான் அங்கே இல்லை. இந்த மூன்றாவது வகையில், எக்செப்ஷன் தன்னுடன் சுமந்து வரும் 'மிச்சப் பெயர்' என்ற பகுதியை லாகில் அச்சிட்டுப் பாருங்கள். தேடல் எந்த இடம் வரை சென்று நின்றது என்பதை அது காட்டும். டாம்கேட் சர்வரில் 'ஜேடிபிசி/ஆர்டர்ஸ்' என்று தேடும்போது கிடைக்காத பகுதியாக 'ஆர்டர்ஸ்' குறிப்பிடப்பட்டால் பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம். 'ஜேடிபிசி' என்ற முதல் பகுதியே இல்லை என்று சொன்னால் அந்தச் செயலிக்கு எந்த டேட்டாசோர்ஸும் இணைக்கப்படவே இல்லை. பின்னதற்கு அடிக்கடி காணும் காரணம், சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பின் பொதுப் பகுதியில் டேட்டாசோர்ஸை வரையறுத்துவிட்டு, செயலியின் கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் கோப்பில் ரிசோர்ஸ் லிங்க் எழுத மறந்துவிடுவது.

ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து இன்னொன்றின் சர்வருக்கு மாறிய உடனே இந்தப் பிழை வந்தால், லொக்கேட்டருக்குள் பழைய சர்வருக்கே உரிய பெயர் எழுதப்பட்டிருக்கும். 2009இல் வந்த ஜாவா ஈஈ 6தான் குளோபல், ஆப், மாட்யூல் என்று எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான பெயர் முறையை வகுத்தது. அதற்கு முன் எழுதிய நிரலில் ஒவ்வொரு சர்வரின் வழக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பது இயல்பே.

அறிகுறி: சரியான பெயரில் தவறான தரவுத்தளம்

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான், ஏனென்றால் தேடலில் எந்த எக்செப்ஷனும் வருவதில்லை. நான் பராமரித்த ஒரு சர்வரில் இரண்டு வெப் செயலிகள் ஓடின. ஒன்று அன்றாடப் பதிவுகளுக்கானது, மற்றது அறிக்கைகளுக்கானது. அறிக்கைச் செயலி, படிக்க மட்டும் அனுமதியுள்ள நகல் தரவுத்தளத்தைப் பயன்படுத்த வேண்டும். ஒரு திங்கட்கிழமை பதிவுச் செயலியில் எதைச் சேமித்தாலும் அனுமதி மறுக்கப்பட்டது. சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றியது. உண்மையில் இப்போது அறிக்கைகள் எல்லாம் முதன்மைத் தரவுத்தளத்தை வாட்டிக்கொண்டிருந்தன. அதை நாங்கள் கவனிக்க மூன்று நாட்கள் ஆயின.

காரணம் எளியது. 'ஜாவா:காம்ப்/என்வ்' என்று தொடங்கும் பெயர் உலகப் பொதுவானதல்ல. அது கேட்கும் செயலிக்கு மட்டுமே உரிய தனிப் பெயர்வெளி. இரண்டு செயலிகளும் 'ஜாவா:காம்ப்/என்வ்/ஜேடிபிசி/மெயின்' என்ற ஒரே பெயரைக் கேட்டாலும் சர்வர் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு டேட்டாசோர்ஸைக் கொடுக்கும், கொடுக்கவும் வேண்டும். ஆனால் யாரோ லொக்கேட்டர் இருக்கும் ஜார் (கிளாஸ்களின் தொகுப்பு) கோப்பைச் சர்வரின் பொது நூலகக் கோப்புறைக்கு நகர்த்திவிட்டிருந்தார்கள். அங்கே போனதும் அது இரண்டு செயலிகளுக்கும் ஒரே கிளாஸ், ஆகவே ஒரே ஸ்டாட்டிக் (கிளாஸுக்கு ஒன்றே ஒன்றான) கேஷ். கேஷின் சாவி வெறும் பெயர். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எந்தச் செயலி முதலில் கேட்டதோ அதனுடைய டேட்டாசோர்ஸ் மற்றதற்கும் போய்ச் சேர்ந்தது.

உறுதிப்படுத்த, லொக்கேட்டர் கிளாஸின் கிளாஸ்லோடரை ஒவ்வொரு செயலியிலிருந்தும் லாகில் அச்சிடுங்கள். இரண்டிலும் ஒரே கிளாஸ்லோடர் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. உடனடித் தீர்வு, ஜாரை ஒவ்வொரு செயலியின் சொந்த நூலகக் கோப்புறைக்கும் திருப்பி அனுப்புவது. பொது நூலகத்தில் விட்டுவைத்தால் அங்கிருக்கும் நகலே மீண்டும் தலையிட வாய்ப்புண்டு என்பதால் அதை அங்கிருந்து நீக்கவும் மறக்க வேண்டாம். பொதுவில்தான் இருந்தாக வேண்டும் என்றால் கேஷின் சாவியில் பெயருடன் செயலியின் அடையாளத்தையும் சேர்க்க வேண்டும். த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரைச் சாவியாகச் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் அடுத்த அறிகுறிக்கு நீங்களே வழிவகுக்கிறீர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரே கிளாஸ், ஆனாலும் கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன்

'அ என்ற கிளாஸை அ என்ற கிளாஸாக மாற்ற முடியாது' என்று லாக் சொல்வதைப் பார்க்கும் புதியவர் தன் கண்களையே நம்ப மாட்டார். ஜாவாவைப் பொறுத்தவரை ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல, அதை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்ததுதான். செயலியை மட்டும் சர்வரில் மறுபடி டிப்ளாய் செய்யும்போது (நிறுவும்போது) அதற்குப் புதிய கிளாஸ்லோடர் கிடைக்கிறது. பொதுவில் இருக்கும் லொக்கேட்டரின் கேஷிலோ பழைய கிளாஸ்லோடர் ஏற்றிய பொருளே இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, ரீடிப்ளாய் செய்தால் மீண்டும் வருகிறது என்றால் இதுவே காரணம்.

இதே தவறு இன்னொரு முகத்தோடும் வரும். கேஷ் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் அதன் கிளாஸையும், கிளாஸ் அதன் கிளாஸ்லோடரையும், அது அந்தச் செயலியின் எல்லா கிளாஸ்களையும் நினைவகத்தில் பிடித்து வைத்திருப்பதால், ஒவ்வொரு ரீடிப்ளாயுக்கும் ஒரு முழுச் செயலியின் எடை கூடுகிறது. ஜாவா 7 வரை, கிளாஸ்களுக்கான நினைவகப் பகுதியான 'பெர்ம்ஜென்' தீர்ந்தது என்றும், 2014இல் வந்த ஜாவா 8 முதல் 'மெட்டாஸ்பேஸ்' தீர்ந்தது என்றும் பிழை வரும். செயலி நிறுத்தப்படும்போது ஓடும் கான்டெக்ஸ்ட் லிசனரில் லொக்கேட்டரின் கேஷைத் துடைக்கும் ஒரு வரியைச் சேர்ப்பது போதும். வீக் ரெஃபரன்ஸ் (பொருளை நினைவகத்தில் பிடித்து வைக்காத சுட்டி) கொண்டு தானாகத் தீரும்படி செய்யலாம் என்று பலர் முயல்வார்கள். வீக்ஹாஷ்மேப்பின் சாவிதான் வலுவற்றது, மதிப்பு வலுவானதே, அந்த மதிப்பு சாவியைத் தொட்டுக்கொண்டிருந்தால் எதுவும் விடுபடாது. வெளிப்படையாகத் துடைப்பதே நம்பகமானது.

சர்வரைப் புதிய பதிப்புக்கு உயர்த்திய உடனே முதன்முறையாக இது வந்தால் வேறு காரணம் இருக்கும். 2020இன் ஜகார்த்தா ஈஈ 9இல் 'ஜாவாஎக்ஸ்' என்ற பேக்கேஜ் முன்னொட்டு 'ஜகார்த்தா' என்று மாறியது. ஈஜேபியும் ஜேஎம்எஸ்ஸும் அந்த மாற்றத்துக்கு உட்பட்டவை. ஆனால் ஜேஎன்டிஐயும் டேட்டாசோர்ஸும் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பைச் சேர்ந்தவை என்பதால் 'ஜாவாஎக்ஸ்' என்றே தொடர்கின்றன. கோப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் மாற்றினால் ஒரு பக்கம் உடையும், மாற்றாமல் விட்டால் இன்னொரு பக்கம் உடையும். மேலும், பழைய லொக்கேட்டர்கள் ஈஜேபி ஹோமைப் பெறப் பயன்படுத்திய போர்ட்டபிள் ரிமோட் ஆப்ஜெக்டின் 'நேரோ' மெத்தட், கோர்பா தொகுதியுடன் சேர்ந்து ஜாவா 11இல் நீக்கப்பட்டுவிட்டது.

அறிகுறி: ஒருமுறை தோற்றது, ரீஸ்டார்ட் வரை தோற்றுக்கொண்டே இருக்கிறது

சர்வர் எழுந்துகொண்டிருக்கும்போது, டேட்டாசோர்ஸ் பதிவாவதற்கு ஒரு நொடி முன்னால் யாரோ அதைக் கேட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேடல் தோற்கிறது. லொக்கேட்டர் அந்தத் தோல்வியை விழுங்கி, 'நல்' என்ற வெற்று மதிப்பைக் கேஷில் எழுதிவிடுகிறது. அடுத்த நொடி டேட்டாசோர்ஸ் தயாராகிவிட்டாலும் அதைத் தேட இனி யாரும் போகப்போவதில்லை. தோல்வியை ஒருபோதும் கேஷில் எழுதக் கூடாது; எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் சில நொடிகளுக்கு மேல் அது செல்லுபடியாகக் கூடாது.

இதைவிட நயமான வடிவம் ஒன்று உண்டு. லொக்கேட்டர் தன் சிங்கிள்டன் பொருளை ஸ்டாட்டிக் தொடக்கப் பகுதியில் உருவாக்கி, அங்கேயே தேடலையும் செய்தால், அந்தத் தோல்வி 'எக்செப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்' என்று ஒரே ஒரு முறைதான் வரும். அதற்குப் பிறகு அந்த கிளாஸைத் தொடும் ஒவ்வொரு அழைப்பும் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்' என்று, கிளாஸைத் தொடங்க முடியவில்லை என்ற குறிப்புடன் தோற்கும். பெயரைப் பார்த்து ஜார் கோப்பு விடுபட்டுவிட்டதாக நினைத்து, கிளாஸ்பாத்தை அலசி அரை நாளைத் தொலைப்பவர்கள் ஏராளம், நானும் தொலைத்திருக்கிறேன். ஜார் அங்கேதான் இருக்கிறது. லாகில் மேல்நோக்கிச் சென்று, சர்வர் எழுந்த நேரத்தில் வந்த அந்த முதல் பிழையைத் தேடுங்கள். லாக் கோப்பு சுழன்று அது போய்விட்டிருந்தால், சர்வரை மறுபடி எழுப்பி முதல் இரண்டு நிமிட லாகை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேடலை ஸ்டாட்டிக் பகுதியிலிருந்து வெளியே எடுத்து, முதல் பயன்பாட்டின்போது நடக்கும்படி மாற்றுவதே தீர்வு.

அறிகுறி: கூட்டம் கூடும்போது மட்டும் முடங்குகிறது

நெரிசல் நேரத்தில் ஜேஸ்டாக் கருவி கொண்டு ஐந்து நொடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப்கள் (ஒவ்வொரு த்ரெட்டும் அப்போது எந்த வரியில் இருக்கிறது என்ற பட்டியல்கள்) எடுங்கள். நூற்றுக்கணக்கான த்ரெட்கள் லொக்கேட்டரின் ஒரே மெத்தடில் பூட்டுக்காகக் காத்திருந்தால், அந்த மெத்தட் முழுவதும் சிங்க்ரனைஸ்டு ஆக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி) எழுதப்பட்டிருக்கிறது, பூட்டைப் பிடித்திருக்கும் த்ரெட் மெதுவான தேடல் ஒன்றில் சிக்கியிருக்கிறது. எவரும் காத்திருக்காமல் சில த்ரெட்கள் மட்டும் ஹாஷ்மேப்பின் உள்ளேயே மூன்று டம்பிலும் அதே வரியில் இருந்து, சிபியு 100 சதவீதத்தில் நின்றால், பூட்டில்லாத ஹாஷ்மேப்பைப் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் மாற்றியிருக்கின்றன. ஜாவா 7 வரை, மேப் பெரிதாகும் தருணத்தில் அதன் உள்பட்டியல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிவில்லாமல் ஓடும் நிலை ஏற்பட்டது. கன்கரன்ட் ஹாஷ்மேப் இரண்டுக்கும் மருந்து.

அந்த மருந்திலும் ஒரு பத்தியம் உண்டு. கம்ப்யூட் இஃப் ஆப்சென்ட் மெத்தடுக்குள் தேடலை வைத்து, அந்தத் தேடல் மறுபடி அதே லொக்கேட்டரிடம் வேறொரு சேவையைக் கேட்டால், ஜாவா 8இல் அது சத்தமில்லாமல் தொங்கிவிடக்கூடும். ஜாவா 9 முதல் 'ரிகர்சிவ் அப்டேட்' என்ற பிழையாக எறியப்படுகிறது. தேடலை வெளியே செய்துவிட்டு, முடிவை மட்டும் புட் இஃப் ஆப்சென்ட் கொண்டு எழுதுங்கள். ஒரே சேவையை இரண்டு த்ரெட்கள் இருமுறை தேடிவிடுவதால் எந்த நட்டமும் இல்லை. இனிஷியல் கான்டெக்ஸ்ட் பொருளையும் கேஷில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் லொக்கேட்டர்கள் உண்டு. பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கையாள்வதற்கு அந்தப் பொருள் உத்தரவாதம் தருவதில்லை என்பது ஜேஎன்டிஐ ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. தேவைப்படும்போது உருவாக்கி, முடிந்ததும் மூடுங்கள்.

அறிகுறி: பின்னணி வேலைகள் சில நேரம் ஓடுகின்றன, சில நேரம் பெயர் இல்லை என்கின்றன

'ஜாவா:காம்ப்/என்வ்' பெயர்வெளி எந்தச் செயலியைச் சேர்ந்தது என்பதைச் சர்வர் பெரும்பாலும் தற்போதைய த்ரெட்டைப் பார்த்தே முடிவு செய்கிறது. நீங்களே உருவாக்கிய த்ரெட்டுக்கு அந்த அடையாளம் இருக்கும் என்று உறுதியில்லை. ஜாவா 9 முதல், பேரலல் ஸ்ட்ரீமும் எக்சிக்யூட்டர் தராமல் அழைத்த கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரும் பயன்படுத்தும் பொது ஃபோர்க் ஜாயின் த்ரெட்களின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர், செயலியினுடையதாக இல்லாமல் சிஸ்டம் கிளாஸ்லோடராக இருக்கிறது. ஆகவே ஜாவா 8இல் பல ஆண்டுகள் ஓடிய நிரல் மேம்படுத்தலுக்குப் பிறகு தடுமாறுவதில் வியப்பில்லை.

'சில நேரம்' என்ற சொல்லுக்குக் காரணம் கேஷ்தான். பயனர் ஒருவரின் கோரிக்கை முன்னதாக வந்து டேட்டாசோர்ஸைக் கேஷில் ஏற்றிவிட்டால் பின்னணி வேலை அதை எடுத்துக்கொண்டு நிம்மதியாக ஓடுகிறது. இரவு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பின்னணி வேலையே முதலில் வந்தால் தோற்கிறது. ஜாவா ஈஈ 7 (2013) தந்த மேனேஜ்டு எக்சிக்யூட்டர் சர்வீஸ் உங்கள் சர்வரில் இருந்தால் அதன் வழியாக வேலைகளை அனுப்புங்கள். இல்லையென்றால் சர்வரின் த்ரெட்டிலேயே டேட்டாசோர்ஸை எடுத்து, பின்னணி வேலைக்கு அதை அளவுருவாகக் கையளியுங்கள்.

அறிகுறி: எதிர்முனைச் சர்வர் மீண்டு வந்தாலும் இணைப்பு மீளவில்லை

கேஷில் இருக்கும் ரிமோட் ஸ்டப் (எதிர்முனைப் பொருளுக்கு இங்கிருக்கும் பிரதிநிதி) பழைய சர்வரின் உயிரோடு கட்டப்பட்டது. சர்வர் மறுபடி எழுந்தபின் 'நோ சச் ஆப்ஜெக்ட்' என்றோ 'கனெக்ட் எக்செப்ஷன்' என்றோ வந்தால், அந்தப் பதிவைக் கேஷிலிருந்து நீக்கி, புதிதாகத் தேடி, ஒரே ஒரு முறை மட்டும் மறுமுயற்சி செய்யும்படி லொக்கேட்டரை அழைக்கும் நிரலை மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: அழைப்பு எதிர்முனையில் நடந்து முடிந்து, பதில் வரும் வழியில் மட்டும் இணைப்பு அறுந்திருக்கலாம். பணம் செலுத்துவது போன்ற செயலைத் தானாக மறுமுயற்சி செய்தால் இரண்டு முறை செலுத்திவிடுவீர்கள். படிக்கும் அழைப்புகளுக்குத் தானியங்கி மறுமுயற்சி போதும்; எழுதும் அழைப்புகளுக்குக் கேஷை மட்டும் துடைத்துவிட்டுப் பிழையை மேலே அனுப்புங்கள்.

இணைப்பு ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது என்ற பிழை தரவுத்தளத்திலிருந்து வந்தால், யாரோ டேட்டாசோர்ஸுக்குப் பதில் அதிலிருந்து பெற்ற கனெக்‌ஷனையே கேஷில் வைத்திருக்கிறார்கள். கனெக்‌ஷனைத் தரும் தொழிற்சாலையை வைத்துக்கொள்ளலாம், கனெக்‌ஷனை வைத்துக்கொள்ளக் கூடாது. நிலை தாங்கும் ஈஜேபிக்கும் இதே விதிதான்: ஒரு பயனரின் கூடையை இன்னொருவர் பார்க்க நேரும்.

அறிகுறி: தனித்தனியே தேறும் டெஸ்ட்கள் சேர்ந்து ஓடும்போது தோற்கின்றன

ஒரு டெஸ்ட் போலிச் சேவையை ஸ்டாட்டிக் கேஷில் வைத்துவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டுக்குப் பின்னும் கேஷைத் துடையுங்கள். இந்தத் தொல்லையும், ஒரு கிளாஸுக்கு என்னென்ன தேவை என்பது அதன் கன்ஸ்ட்ரக்டரில் தெரியாமல் மெத்தட்களுக்குள் மறைந்திருப்பதும் சேர்ந்துதான் லொக்கேட்டருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் லொக்கேட்டரையும், கிளாஸுக்குத் தேவையானதை வெளியிலிருந்து கொடுத்துவிடும் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனையும் நிறுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் இடமுண்டு என்றே எழுதினார். இன்னொரு மென்பொருள் எழுத்தாளரான மார்க் சீமன் 2010இல் லொக்கேட்டரை ஆன்டி பேட்டர்ன் (தவிர்க்க வேண்டிய வடிவமைப்பு) என்றே அழைத்தார். பராமரிப்பவனாக என் சாய்வு சீமன் பக்கமே.

சேவையின் பெயர் வெளியிலிருந்து வருகிறதா என்பதையும் டெஸ்ட் எழுதும் சாக்கில் பார்த்துவிடுங்கள். பயனர் அனுப்பிய சரத்தை ஜேஎன்டிஐ தேடலுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில், லாக் எழுதும் நூலகமான லாக்4ஜேயின் பாதுகாப்பு ஓட்டை காட்டியது. அதன் தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. லொக்கேட்டர் ஏற்கும் பெயர்கள் நிரலுக்குள் எழுதிய நிலையான பட்டியலில் இருந்தே வர வேண்டும்.

லொக்கேட்டரைக் களையத் தொடங்கினால், சர்வரே உருவாக்கும் செர்வ்லெட்களிலும் ஈஜேபிகளிலும் முதலில் கைவையுங்கள். ஜாவா ஈஈ 5 முதல் அங்கே அன்னொட்டேஷன் வழியே டேட்டாசோர்ஸ் தானாக வந்து சேரும். கடைசியில் மிஞ்சுபவை சர்வர் உருவாக்காத பழைய ஸ்டாட்டிக் கருவி கிளாஸ்களும் நேர அட்டவணை வேலைகளும்தான். அவற்றுக்காக லொக்கேட்டரை விட்டுவைக்கலாம். ஆனால் தேடல் அதே ஜேவிஎம்முக்குள் நடப்பதானால் நெட்வொர்க் பயணம் எதுவும் இல்லை. ஆகவே கேஷை நிறுத்துவதற்காக முதலில் சேர்த்த அந்த சிஸ்டம் பிராப்பர்ட்டியை நிரந்தரமாக இயக்கி, ஒரு வாரம் வேகத்தை அளந்து பார்த்துவிட்டு, வேறுபாடு தெரியவில்லையென்றால் கேஷ் நிரலையே அழித்துவிடுங்கள்.